எட்டாவது ரீலில் ஒரு காலடி

"எட்டாவது ரீல்ல இசையை எங்க ஆரம்பிக்கிறது?"

பரஞ்சோதி இதைக் கேட்டபோது லூர்து மேரி சல்லடையில் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

கேட்டவர் சாதாரண ஆள் இல்லை. நூற்றுப் பன்னிரண்டு படங்களுக்கு இசையமைத்தவர். வாரத்தில் இரண்டு நாள் திரைப்படக் கல்லூரியில் பின்னணி இசை வகுப்பு எடுப்பவர். மற்ற நாட்களில் எங்காவது ஒரு மேடையில் பேசிக்கொண்டிருப்பவர். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. இசை எங்கே தேவையில்லை என்று தெரிந்தவன்தான் இசையமைப்பாளன் என்று அவர் சொல்லி நிறுத்தும்போது, அரங்கத்தில் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள்.

லூர்து மேரி காலடிச் சத்தம் செய்பவள். படத்தில் ஆட்கள் நடப்பது, கதவு திறப்பது, சேலை உரசுவது எல்லாவற்றையும், படம் எடுத்து முடிந்த பிறகு ஓர் அறைக்குள் இருந்து செய்து சேர்ப்பது அவள் வேலை. அறை முழுக்க மணல் தட்டு, ஜல்லித் தட்டு, மரப்பலகை, சிமெண்டுத் தரை. சுவரோரம் நூறு ஜோடிச் செருப்பு.

"என்னைக் கேக்கறீங்களா சார்?"

"உங்களைத்தான்."

இருபது வருடமாக 'நீ' என்று கூப்பிட்டவர். லூர்து மேரி இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"என்ன சார், இன்னிக்கு மரியாதையெல்லாம் பலமா இருக்கு. டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா?"

பரஞ்சோதி சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

படத்தில் ஒரு பெண். கணவன் கப்பலேறிப் போய்ப் பதிமூன்று வருடம். கடிதம்கூட இல்லை. எட்டாவது ரீலில், ஒரு மத்தியானம், அவன் திரும்பி வருகிறான். அவள் அடுக்களையில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல். கம்பிகளுக்கு நடுவே, மணல் தெருவில், அவன் நடந்து வருவது தெரிகிறது. நாலு நிமிடம். வசனம் கிடையாது.

அந்த நாலு நிமிடத்துக்கு அவர் மூன்று முறை இசை எழுதிவிட்டார். மூன்றும் பிரமாதம் என்றார் இயக்குநர். மூன்றையும் கிழித்துப் போட்டவர் பரஞ்சோதியேதான்.

வாசித்துப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அவருடைய மேடைக் குரலே கேட்டதாம். இந்த இடத்தில் புல்லாங்குழலைக் கொண்டுவருகிறேன், ஏனென்றால். அந்த 'ஏனென்றால்' வந்ததும் குழல் செத்துவிடுகிறதாம்.

வெள்ளிக்கிழமைக்குள் எழுத வராவிட்டால் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக இருந்தார். அதற்குப் பிறகு இசை இல்லை. பேச்சு மட்டும்தான்.

"முன்னெல்லாம் படம் ஓட ஓடக் காதுல வந்துடும், லூர்து. நான் வெறுமனே எழுதிக்கிட்டே போவேன். இப்ப வர்றதில்ல. இந்த ரீல்ல எனக்குக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. உங்க காலடி." நெஞ்சுக்குழியில் கை வைத்தார். "இங்க என்னமோ பண்ணுது. எப்படி நடந்தீங்க?"

லூர்து மேரி சுவரோரம் போய் ஒரு ஜோடித் தோல்செருப்பை எடுத்துவந்து அவர் முன்னால் போட்டாள்.

"நடங்க."

திரையில் எட்டாவது ரீல் ஓடியது. பரஞ்சோதி மணல் தட்டில் ஏறி நின்று நடந்தார். நாற்பது வருடம் படத்தோடு தாளத்தைப் பொருத்திய கண். ஓர் அடிகூடப் பிசகவில்லை.

"சரியா வந்துதா?"

"ரொம்பச் சரி. யாரோ ஒரு ஆளு தெருவுல போறான்."

இன்னொரு முறை நடந்தார். இந்தத் தடவை மனசை வைத்து நடந்தார். தயங்கினார், நின்றார், காலை இழுத்தார்.

லூர்து மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப அந்த ஆளு மேடைக்குப் போறான் சார்."

பரஞ்சோதி செருப்பிலிருந்து காலை எடுத்தார். வெட்கமாக இருந்தது. அறுபத்தாறு வயதில் வெட்கப்படுவதற்கும் ஓர் இடம் மிச்சமிருக்கிறதே என்று நினைத்தார்.

"எதைப் பாத்து நடந்தீங்க?" என்று கேட்டாள்.

"அவன் காலை."

"நானும் பத்து வருஷம் அப்படித்தான் நடந்தேன்."

"அப்புறம்?"

"இந்த ரீல்ல அவன் காலை நான் பாக்கவே இல்ல. அந்தப் பொம்பள கையைத்தான் பாத்தேன். எந்த இடத்துல கத்தி நிக்குதுன்னு."

பரஞ்சோதி திரையைப் பார்த்தார். மூன்று முறை எழுதியதும் வருகிறவனுக்காகத்தான். முருங்கைக்காய் நறுக்குகிறவளுக்கு அவர் ஒரு ஸ்வரமும் எழுதவில்லை.

"நீங்க யாருக்காவது காத்துக்கிட்டு இருந்திருக்கீங்களா சார்?"

அவர் யோசித்தார்.

வயலினை மடியில் வைத்துக்கொண்டு வாத்தியக்காரர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். வராந்தாவில் இயக்குநர்கள் காத்திருந்தார்கள். வகுப்பில் மாணவர்கள். வீட்டில், சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, முப்பத்தாறு வருடம், மனைவி அமிர்தம். எல்லா இடத்திலும் வருகிறவர் அவராகவே இருந்தார்.

அமிர்தம் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அதிலிருந்துதான் அவர் எந்த அழைப்பையும் மறுக்காமல் போனார். கோயம்புத்தூர், திருநெல்வேலி, ஏதோ ஒரு நர்சரிப் பள்ளியின் ஆண்டு விழா. ஏன் இப்படி அலைகிறார் என்று எல்லோரும் கேட்டார்கள். வீட்டில் இருந்தால், அவள் கடைக்குப் போய்வரும் அந்த ஐந்தரை மணிக்கு, காது தானாக எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறது என்று யாரிடம் சொல்வது?

"இல்ல," என்றார். "அதுக்கெல்லாம் நேரம் இருந்ததில்ல."

லூர்து மேரி மேற்கொண்டு கேட்கவில்லை. திரையை அணைத்தாள். முக்காலியைச் சுவர் பார்க்கத் திருப்பிப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள்.

"திரும்பாதீங்க. யாரு வர்றாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

கனமான பூட்ஸுக்கு அடியில் ஜல்லி நெரிந்தது.

"போலீஸ்."

சிமெண்டில் தடதடவென்று சின்னக் கால்கள்.

"பள்ளிக்கூடம் விட்டுட்டாங்க."

மரப்பலகையில் ரப்பர் செருப்பு கிறீச்சிட்டது. நின்றது. மறுபடி கிறீச்சிட்டது.

"தயாரிப்பாளர்."

"அது பூனையைத் துரத்துற ஆயா சார். உங்களுக்கு எதைக் கேட்டாலும் அவருதான்."

பரஞ்சோதி சிரித்துவிட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

பின்னால் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பிறகு சிமெண்டில் வெறுங்கால். ஒரு பெண்ணுடையது. அவசரமில்லை. கூடவே ஒரு துணிப்பை சேலையில் உரசியது. ஒரு காலின் மெட்டி மட்டும் தரையில் பட்டது. மற்றக் காலில் மெட்டி இல்லை, அல்லது தளர்ந்திருந்தது. நாலைந்து அடி வந்து நின்றது. பை கை மாறியது. ஒரு பெருமூச்சு. மறுபடி வந்தது. கிட்டே வந்தது.



காலடி நின்றது.

"யாரு சார்?"

சுவர் அவருக்கு முன்னால் வெள்ளையாக இருந்தது.

லூர்து மேரி அவர் முதுகைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"சரி, யாருன்னு சொல்ல வேணாம்," என்றாள். "எந்த இடத்துல எழுந்தீங்க? அதை மட்டும் குறிச்சுக்குங்க."

அப்போதுதான் பரஞ்சோதி குனிந்து பார்த்தார்.

நின்றுகொண்டிருந்தார்.