வாரேன் என்று சொன்ன சீடர்

குருவுக்குத் தாடி இருக்கவேண்டும், சீடன் சின்னவனாக இருக்கவேண்டும் என்றெல்லாம் கட்டாயம் இல்லை. இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று, பெயர் பியூலா. சீடருக்கு ஐம்பத்தாறு முடிந்துவிட்டது. கோமதிநாயகம் என்று பெயர்.

இருபத்தெட்டு வருஷம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகப் பேசிப் பிழைத்தவர் அவர். முடியாது என்று சொன்ன டாக்டரையும் வாசலில் மறித்து, சிரிக்கவைத்து, சம்மதிக்க வைத்துவிடுவார். கம்பெனி கையை விரித்த பிறகு, திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பியூலாவிடம் வந்து சேர்ந்தார். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தோடு உட்கார்ந்து, உறுப்புகளைக் கொடுக்கிறீர்களா என்று கேட்கிற வேலை. அதைச் சொல்லிக்கொடுக்க அங்கே அவள் ஒருத்திதான் இருந்தாள்.

ஒரு மாதத்தில் இரண்டு குடும்பங்களிடம் பேசினார். இரண்டும் மாட்டோம் என்றுவிட்டன. பேச்சில் தோற்றுப் பழக்கமில்லாத மனுஷன், சோறு இறங்காமல் திரிந்தார்.

மூன்றாவதாக வந்தவர் உலகநாதன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், நாற்பது வயது. பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. டாக்டர்கள் காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை சோதித்துவிட்டு, மூளை இறந்துவிட்டது, ஆள் இறந்தாயிற்று என்று மனைவி சண்முகவடிவிடம் சொல்லிவிட்டார்கள். மெஷின்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. இதயம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுவும் நின்றுவிட்டால் பெரும்பாலும் எதுவும் யாருக்கும் உதவாது.

"மேடம், எப்பம் கேக்கலாம்?" என்றார் கோமதிநாயகம்.

"அவிய போயிட்டாவன்னு அந்த அக்காவுக்குத் தெரிஞ்ச பொறவு."

"டாக்டர் சொல்லிட்டாரே."

"டாக்டர் சொன்னாரு. அவ்வளவுதான்."

"அப்பம் நான் போயி விளங்கச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க அண்ணாச்சி. கேக்க மட்டும் வேண்டாம்."

அரைமணி நேரம் சொன்னார். காகிதத்தில் மூளையைப் படம் போட்டுக் காட்டினார். சண்முகவடிவு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். திரும்பி வந்தபோது அவருக்கு நடையே மாறியிருந்தது.

"நல்லா விளங்கிட்டு மேடம். ஒரு கேள்விகூடக் கேக்கல."

டீ ஆறுவதற்குள் சண்முகவடிவின் அண்ணன் சுடலைமுத்து வந்து நின்றார். கையில் காலி பிளாஸ்க்.

"சார், வெந்நீ எங்க கிடைக்கும்? முழிச்சா தண்ணி ஆகாரந்தான் குடுக்கணுமாமே. ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வரச் சொல்லுதா."

கோமதிநாயகத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு முழிப்பா? நான் அவ்வளவு சொன்னேனே."

"நீங்க சொன்னியதான் சார். ஆனா எந்திரிக்கும்போது, தைரியமா இரும்மா, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தியளாமே. செத்த இடத்துல எவராவது வாரேன்னு சொல்லுவாவளா, அப்பம் உசுரு இருக்குன்னுதானே அர்த்தம்னு கேக்கா."

இருபத்தெட்டு வருஷமாக ஒவ்வொரு அறையிலிருந்தும் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் அவர் வெளியே வந்திருக்கிறார். துக்க வீட்டில் சொல்லக்கூடாது என்று அவருக்கும் தெரியும். நாக்குக்குத் தெரியவில்லை.

"நான் போயித் திருத்திட்டு வா…" என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கூட வாங்க," என்றாள் பியூலா. "பேச வேண்டாம்."

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, இரும்பு நாற்காலியில் சண்முகவடிவு உட்கார்ந்திருந்தாள். பியூலா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காலு சூடாத்தான் இருக்கு மேடம். தொட்டுப் பாத்தேன்."

"ஆமாக்கா. மெஷின் ஓடுத வரைக்கும் சூடு இருக்கும்." பிறகு கேட்டாள்: "உங்க வீட்டுக்காரரு எப்படி? கோவக்காரரா?"

"அவியளா? வீட்டுக்கு வந்தா கதவத் தட்ட மாட்டாவ. தெருமுக்குலயே ஹாரன் அடிப்பாவ. பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வருவா. இவிய அவளுக்கும் சேத்து ஒரு ஹாரன் அடிப்பாவ."

பியூலா சிரித்தாள். சண்முகவடிவும் சிரித்தாள். இப்படியே முக்கால் மணி நேரம். கோமதிநாயகம் நாலு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். கேள் தாயி, கேள் என்று மனசுக்குள் கெஞ்சினார்.

பியூலா எழுந்தாள். சண்முகவடிவின் தோளில் ஒரு நிமிஷம் கை வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் நடந்தாள்.

பத்தடி போவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மேடம்… சொல்லிக்காமப் போறியளே."

பியூலா திரும்பி வந்து, அவள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"ஆமாக்கா."

"அந்த சார் சொல்லிட்டுப் போனாவளே."

"அது பழக்கதோசத்துல வந்துட்டு. தப்புதான். உங்க வீட்டுக்காரரு இறந்துட்டாவக்கா."

சண்முகவடிவு கோமதிநாயகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை பேச்சுக்காரருக்கு அப்போது ஒரு வார்த்தைதான் கிடைத்தது.

"மன்னிச்சிருங்கம்மா."

அவள் மார்பில் அறைந்துகொண்டு ஓவென்று அழுதாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். பியூலா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கோமதிநாயகத்துக்கும் கண்ணீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை.

அழுகை ஓய வெகுநேரம் ஆனது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி என்ன செய்யணும்?" என்று அவளே கேட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்க்கா. வேண்டாம்னு சொன்னாலும் ஒரு குத்தமும் இல்ல. அவியளோட ஈரல், கிட்னி, இதயம், கண்ணு, இதெல்லாம் வேற நோயாளிகளுக்கு வைக்கலாம். நீங்க சரின்னாத்தான்."

சண்முகவடிவும் சுடலைமுத்துவும் தள்ளிப் போய் நின்று பேசினார்கள். திரும்பி வந்தபோது அவள்தான் சொன்னாள்.

"குடுக்கோம் மேடம். வழியில கையக் காட்டுனவங்கள எல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டுத்தான் வருவாவ. இல்லன்னு சொல்ல மாட்டாவ. ஆனா கண்ணு மட்டும் வேண்டாம்."

"சரிக்கா."

"தூங்கும்போதும் அவியளுக்குப் பாதிக் கண்ணு தொறந்துதான் இருக்கும். நான்தான் மூடி விடுவேன். கடைசியா நான் மூடி அனுப்பணும்."

"கண்ணு குடுத்தாலும் மூடுன மாதிரிதான் இருக்கும்க்கா. வெளியில பாத்தா தெரியாது."

"எனக்குத் தெரியும்லா," என்றாள் சண்முகவடிவு.

பியூலா படிவத்தில் 'கண்கள் நீங்கலாக' என்று எழுதி, வாசித்துக் காட்டினாள். அவள் கையெழுத்துப் போட்டாள்.

கோமதிநாயகத்துக்கு நாக்கு துறுதுறுத்தது. இதைவிடக் கல்லான ஆட்களையெல்லாம் கரைத்தவர். எப்படித் தொடங்குவது, எங்கே குரலைத் தாழ்த்துவது எல்லாம் வரிசையாக வாய்க்கு வந்து நின்றன. பியூலா அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். வாயை மூடிக்கொண்டார்.

இருவரும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தார்கள். மாடிப்படி வரைக்கும் பொறுத்தவரால் அதற்குமேல் முடியவில்லை.

"மேடம், ரெண்டு பேருக்குப் பார்வை கிடைச்சிருக்கும். இன்னும் ஒருவாட்டி கேட்டிருந்தா அந்தம்மா குடுத்திருப்பாவ."

பியூலா படியில் நின்றாள்.

"குடுத்திருப்பாவ அண்ணாச்சி. அதனாலதான் கேக்கல."