கடைசித் தண்ணீர்

கோடையில் எல்லாம் வற்றி, ஒரே ஒரு குட்டை மட்டும் மிஞ்சியிருந்த ஒரு காட்டில் புள்ளிமான் கூட்டம் ஒன்று இருந்தது, குழந்தைகளே. அதன் தலைவன் நெடுங்கொம்பன். அவனுக்குக் கொம்பைவிடக் கோபம் நீளம்.

கூட்டம் தண்ணீர் குடிக்கும்போது ஒரு மான் மேட்டில் நின்று காவல் காக்கும். ஆபத்து வந்தால் குரல் கொடுக்கும். அன்று கூர்மையான கண்கொண்ட சிவப்பியின் முறை.

புதரில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. சிவப்பி கத்தினாள். மான்கள் சிதறி ஓடின. திரும்பி வந்து பார்த்தால் புதரில் ஒன்றுமில்லை.

"என்ன பார்த்தாய்?" என்று உறுமினான் நெடுங்கொம்பன்.

"வால் மாதிரி தெரிந்தது, தலைவரே."

"மாதிரியா? உன்னால் இத்தனை பேர் தாகத்தோடு ஓடினோம். இனிமேல் வீணாகக் கத்துகிறவருக்குக் கடைசித் தண்ணீர்தான். நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் வாயைத் திற."

கடைசித் தண்ணீர் என்றால் எல்லோரும் மிதித்துக் கலக்கிய சேறு. சிவப்பி அதைக் குடித்தாள். மற்ற மான்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டன.

இதையெல்லாம் பாறைக்குப் பின்னால் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு சிறுத்தை. புதரில் இருந்ததும் அதுதான். குரல் கேட்டதும் நழுவிவிட்டது. "எனக்கு இதைவிட நல்ல சட்டம் கிடைக்குமா?" என்று சிரித்தது.

மறுநாள் வேண்டுமென்றே புதரை அசைத்துவிட்டு ஒளிந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. காவல் நின்ற மான்கள் ஒவ்வொன்றாகச் சேறு குடித்தன. பிறகு புதர் எவ்வளவு ஆடினாலும் மேட்டிலிருந்து சத்தமே வரவில்லை.

"பார்த்தீர்களா, காடே எவ்வளவு அமைதியாகிவிட்டது" என்று நெடுங்கொம்பன் பெருமைப்பட்டான்.

மறுபடியும் சிவப்பியின் முறை வந்தது. வழக்கம்போல் தலைவன்தான் முதலில் இறங்கித் தலையைத் தாழ்த்தினான். அவனுக்குப் பின்னால் புல் விலகியது.

சிவப்பி அதைப் பார்த்தாள். காற்றாக இருக்குமோ? ஒரு காது தெரிந்தது. காய்ந்த இலையோ? கத்திய பிறகு ஒன்றுமில்லாமல் போனால்? வாய்வரை வந்த குரலை விழுங்கினாள். இன்னும் கொஞ்சம் நிச்சயமாகட்டும் என்று காத்திருந்தாள்.

நிச்சயமானபோது சிறுத்தை பாய்ந்துவிட்டிருந்தது.

கூட்டம் தெறித்து ஓடியது. சிவப்பி மட்டும் மேட்டிலேயே நின்றாள். சிறுத்தையின் பிடியில் கிடந்த நெடுங்கொம்பன் மேட்டைப் பார்த்து, "ஏன் கத்தவில்லை?" என்று முனகினான்.

சிறுத்தைதான் பதில் சொன்னது.

"அவளை ஏன் கேட்கிறாய்? நீ சொன்னபடிதான் செய்தாள்."

நீதி: தவறிச் சொன்னவரைத் தண்டிக்கும் இடத்தில், சரியாகச் சொல்லவும் ஆள் இருக்காது.