கீரி தாழ்த்திய கார்

வேங்கைக்காட்டில் செவலையன் என்றொரு கீரி இருந்தது. அந்தக் காட்டிலேயே கார் வைத்திருந்தது அது மட்டும்தான். வேகமாக நடக்க முடியாதவர்களை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏரிக்கரைக்கு ஏற்றிச் செல்வது அதன் வேலை.

வழியில் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் அந்தக் காரைப் பார்த்துச் சிரிக்கும்.

"கொக்கு வருது, கொக்கு வருது! கால் எவ்வளவு நீளம் பாருங்கடா!"

கீரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் தரையோடு தரையாக ஓடுகிறேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு வேகம். என் காரும் அப்படித்தான் இருக்க வேண்டும்!" என்று முடிவு செய்தது.

மனைவி மருதாணி தாய்வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, முள்ளம்பன்றி ஈட்டியப்பனை அழைத்தது. ஈட்டியப்பனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத்தான் தெரியாது.

"இது ஒரு வேலையா மச்சான்? ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் கார் தானாகக் கீழே இறங்கிடும்!"

இரண்டும் வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கின. ஸ்பிரிங்குகளைக் கழற்றி வெட்டின. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டுகளை எல்லாம் முறுக்கின.

"இறுக்கு மச்சான், இறுக்கு!"

ஜாக்கியை எடுத்ததும் கார் வயிறு தரையைத் தொடாத குறையாக உட்கார்ந்தது. அதைப் பார்த்துக் குரங்குகள் விசிலடித்தன. கீரிக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை முதல் வளைவு வரைக்கும்தான் இருந்தது. நேராக ஓட்டினால் கார் தானாக இடப்பக்கம் இழுத்தது. சின்னப் பள்ளத்தில் விழுந்தாலும் தவளை மாதிரி குதித்தது.

மருதாணி திரும்பி வந்தாள். "என்னங்க, கார் ஏன் இப்படிப் படுத்துக் கிடக்கு?"

"டயரில் காற்று கம்மி. வேறொன்றும் இல்லை!" என்றது கீரி.

அடுத்த நாள் காலையில் ஒரு கரிச்சான் குருவி கத்திக்கொண்டே பறந்து வந்தது. "கிழக்கு மலையில் தீ! காற்று இந்தப் பக்கம்தான் அடிக்குது! கிளம்புங்க, கிளம்புங்க!"

மான்கள் ஓடின. பறவைகள் பறந்தன. ஆமைகளும் நத்தைகளும் மட்டும் கீரியின் வாசலில் வந்து நின்றன. தாய் ஆமை ஓட்டம்மா, குஞ்சுகளைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு பேசியது.

"தம்பி, எங்களால் ஓட முடியாது. உன்னை நம்பித்தான் இருக்கோம்."

"பயப்படாதீங்க அக்கா! சின்ன வேலை ஒன்று இருக்கு. முடித்ததும் கிளம்பிடலாம்!" என்றது கீரி.

அது காரை வீட்டின் பின்பக்கம் ஓட்டிக்கொண்டு போனது. இடப்பக்கம்தானே இழுக்கிறது என்று இடப்பக்க டயர்களில் காற்றை ஏற்றியது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை. குதிக்காமல் இருக்கட்டும் என்று டிக்கியில் கல்லை நிரப்பியது. மனசு கேட்கவில்லை. படுத்துக்கொண்டே காருக்கு அடியில் நுழைந்து, ஸ்டீயரிங் கம்பியையும் நாலு திருகு திருகியது. எது எதற்கென்று அதற்கே புரியவில்லை. எதையாவது செய்துகொண்டிருந்தால் பயம் குறைவதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

ஆமைக் குடும்பம் பின்சீட்டில் ஏறியது. நத்தைகள் அடுத்த தடவைக்காக வாசலிலேயே காத்திருந்தன. மருதாணி முன்னால் உட்கார்ந்தாள். கார் கிளம்பியது.

"என்னங்க, அடியில் ஏதோ உரசுதே?"

"ரோடு சத்தம்!"

"ஸ்டீயரிங்கை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு தொங்குறீங்க?"

"பேசாமல் வா!"

கணவாய் ஏற்றத்தில் ஒரு வளைவு. அதன் ஓரத்தில் கிடுகிடு பள்ளம். வளைவின் நடுவே கிடந்த ஒரு மேட்டில் கார் ஏறியது. டங்கென்று அடித்தது! ஒரு குதி குதித்தது! இறங்கும்போது வலப்பக்கம் சறுக்கியது. கீரி ஸ்டீயரிங்கைத் திருப்பியது. கார் வேறெங்கோ போனது. குஞ்சுகள் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டன.

"பிரேக்!" என்று அலறினாள் மருதாணி.

கார் நின்றது. முன் சக்கரம் ஒன்று பள்ளத்தின் விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வொருவராக மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஓட்டம்மா குஞ்சுகளை எண்ணிப் பார்த்தது. பிறகு கீரியைப் பார்த்தது.

"இனி இந்தக் காரில் ஏற மாட்டோம். நெருப்பு வந்தால் வரட்டும்!"

கீரி தரையில் உட்கார்ந்து அழுதது. "என்னால்தான்! குரங்குகள் கேலி பண்ணுச்சுன்னு நானும் ஈட்டியப்பனும் ஸ்பிரிங்கை வெட்டினோம். அதிலிருந்தே வண்டி சரியில்லை. காற்று கம்மின்னு சொன்னது பொய்!"

மருதாணி கோபத்தை விழுங்கிக்கொண்டாள். "திட்டுவதை ஏரிக்கரையில் வைத்துக்கொள்கிறேன். இன்று காலையில் என்னென்ன தொட்டீங்க? ஒன்று விடாமல் சொல்லுங்க!"

கீரி எல்லாவற்றையும் சொன்னது.

"அப்படியானால் இப்போது வண்டியில் பழைய கோளாறும் இருக்கு, புதுக் கோளாறும் இருக்கு. முதலில் புதுசை எடுப்போம்."

எல்லோரும் சேர்ந்து காரைப் பின்னுக்கு இழுத்தார்கள். டிக்கியில் இருந்த கற்களை இறக்கினார்கள். டயர்களின் காற்றை இருபக்கமும் ஒரே அளவாக்கினார்கள். ஸ்டீயரிங் கம்பியில் துரு இல்லாமல் பளபளத்த திருகுமரையைப் பார்த்து, கீரி திருகிய அளவு எதிர்ப்பக்கம் திருகினார்கள்.

மருதாணி தானே கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தாள். சறுக்கல் போய்விட்டது. இடப்பக்க இழுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"இது பழையது. ஸ்பிரிங் போட்ட அன்று என்ன நடந்தது?"

மலைப்பாதையில் மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்த ஈட்டியப்பனை அப்போதுதான் பார்த்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அது தலையைத் தொங்கப் போட்டது.

"சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிட்டோம் தங்கச்சி. வண்டி கீழே உட்கார்ந்ததும் உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் முறுக்கிக்கிட்டிருக்கும். அதுவும் பக்கத்துக்கு ஒரு மாதிரி!"

"இது அன்றைக்கே தெரியுமா?"

"பாதியில் சந்தேகம் வந்தது. சொன்னால் மரியாதை போயிடுமேன்னு..."

புகை வாசனை இப்போது நன்றாக வந்தது. கீரியின் கை ஸ்பேனரைத் தேடிப் பரபரத்தது. "எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிடலாமா?"

"ஒவ்வொன்றாக!" என்றாள் மருதாணி.

போல்ட்டுகளைத் தளர்த்தினார்கள். காரைத் தரையில் நிறுத்தி, நாலு முறை அழுத்திவிட்டு, அதன் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதே திரும்ப முறுக்கினார்கள். ஓட்டிப் பார்த்தார்கள். இழுப்பு பாதியாகக் குறைந்தது. பிறகு ஒரு கொடியைக் கயிறாகப் பிடித்து முன் சக்கரங்களை அளந்தார்கள். வண்டி தாழ்ந்ததில் இரண்டும் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. கம்பியை இருபக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி நேராக்கினார்கள். ஓட்டிப் பார்த்தார்கள். மருதாணி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள். கார் நேராகப் போனது!

"அக்கா, ஏறுங்க!" என்றது ஈட்டியப்பன் சந்தோஷமாக.

ஓட்டம்மா நகரவில்லை. "காலையிலும் இப்படித்தான் கூப்பிட்டாங்க."

மருதாணி தன் கணவனைப் பார்த்தாள். கீரி ஓட்டம்மாவின் முன்னால் போய் நின்றது.

"அக்கா, வண்டி முழுசாகச் சரியாகலை. வெட்டின ஸ்பிரிங்கை ஒட்ட முடியாது. பாரம் அதிகமானால் மேட்டில் அடிக்கும், குதிக்கும். அதனால் பாதிப் பேரைத்தான் ஒரு தடவைக்கு ஏற்ற முடியும். மேடு வந்தால் இறங்கி நடக்கணும். வலப்பக்க வளைவில் இடப்பக்கம் கொஞ்சம் தாழும். அங்கே ஊர்ந்துதான் போவேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்."

ஓட்டம்மா முன்னால் நகர்ந்து வந்தது.

"இதைத்தான் தம்பி நான் காலையிலேயே கேட்டிருக்கணும். பிள்ளைகளா, ஏறுங்க!"

கார் ஊர்ந்தது. மேடுகளில் ஆமைகள் இறங்கி நடந்தன. வளைவுகளில் ஈட்டியப்பன் முன்னால் ஓடி வழி பார்த்தது. திரும்பத் திரும்பப் போய் வந்தார்கள். கடைசி நத்தையை ஏற்றும்போது வானத்திலிருந்து சாம்பல் விழுந்துகொண்டிருந்தது. கீரிக்கு இருமல் வந்தது. கண் எரிந்தது. ஆனாலும் அது வேகத்தைக் கூட்டவில்லை.

ஏரிக்கரையில் கடைசி நத்தையும் இறங்கியபோது, பின்னால் அவர்கள் தாண்டி வந்த மலை முழுவதும் சிவந்து எரிந்தது. ஒருவர்கூட விடுபடவில்லை. கீரி காரின் கதவில் சாய்ந்து நின்றது.

தன் கையால் கெடுத்ததை மறைத்துவிட்டுப் பதற்றத்தில் கண்டதையும் மாற்றுகிறவன் ஆபத்தைத்தான் பெருக்குகிறான். செய்ததை ஒளிக்காமல் சொல்லி ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறவனே தன்னை நம்பியவர்களைக் கரைசேர்க்கிறான்.