குமிழி வராத காலை

கடைசியில் ஒருவர் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அது உறுதி. ஆனால் இப்போது இல்லை. இப்போது மாதப்பனுக்குப் பயமாக இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

ஓசூரில் கேஸ் ரெகுலேட்டர் செய்யும் கம்பெனி. செய்து முடித்த ரெகுலேட்டர் ஒவ்வொன்றையும் காற்றுக் குழாயில் மாட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்க வேண்டும். ஓட்டை இருந்தால் குமிழி வரும். வந்தால் தள்ளி வை. வராவிட்டால் பெட்டியில் போடு. அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுதானை நினைத்துத்தான் மாதப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் அடுப்பங்கரைப் பக்கம் போனாலே மோந்து பார்க்கிறார். "நகருங்க, வெங்காயத்தோட சேத்து உங்க மூக்கையும் வதக்கிடப்போறேன்!" என்கிறாள் மனைவி.

லாரியில் லோடு ஏற்றிய காலத்தில் இந்தப் பயம் இல்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்டதில்லை. முதுகு பிடித்துக்கொண்ட பிறகுதான் இங்கே மாற்றினார்கள். வேலை கற்றுக்கொடுத்தவர் ஆக்னஸ். மாதப்பனைவிட எவ்வளவோ சின்னவர். மாதப்பன் முதலில் கிண்டலாகத்தான் அவரை "டீச்சரம்மா" என்று கூப்பிட்டார். கிண்டல் எப்போதோ உதிர்ந்து, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தொட்டிக்கு மேலே ஓர் ஆணி. அதில் சிவப்பு பெயின்ட் அடித்த ரெகுலேட்டர் ஒன்று தொங்கும். வேண்டுமென்றே ஓட்டை போட்டு வைத்தது. தினமும் காலையில் முதலில் முங்க வேண்டியது அதுதான். அது குமிழி விட்டால் தொட்டி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பையன்கள் அதற்கு வில்லன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இன்றைக்கு மாதப்பன் கைக்கு முத்திரை வந்திருந்தது. இனி பெட்டிமேல் அவர் குத்தினால்தான் லாரி நகரும். குத்தியதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட்டார்.

"டீச்சரம்மா, இந்தப் பயம் எப்பத்தான் போகும்?"

ஆக்னஸ் அவர் கையில் டீ டம்ளரைத் திணித்தார். "முதல்ல குடிங்கண்ணே, ஆறுது."

மாதப்பன் ஊதி ஊதிக் குடிப்பதற்குள் ஆக்னஸ் துணியோடு தொட்டிக்குப் பின்னால் போய், எதையோ துடைத்துவிட்டு வந்தார்.

"இன்னிக்கு நீங்களே பாருங்க. நான் வாயத் திறக்க மாட்டேன்."

லாரிக்குப் போகும் வாசலை அடைத்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தார்.

முதல் ட்ரே முங்கியது. குமிழி இல்லை.

அடுத்தது. இல்லை.

அதற்கடுத்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது.

எந்த நாளிலும் ஒன்றிரண்டாவது 'குபுக்' என்று தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். இன்று ஒன்றுகூட இல்லை. காற்று மீட்டரைப் பார்த்தார். முள் வழக்கமான இடத்தில்தான் நின்றது.

"மாதப்பண்ணனுக்குக் கைராசிடா!" என்றான் பக்கத்து மேஜைக்காரன்.

மாதப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. முதல் ட்ரேயை மறுபடி முக்கினார். முகம் தண்ணீரில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். இல்லை. கண் போய்விட்டதா? குமிழி வந்தும் தெரியவில்லையா? தேன்கனிக்கோட்டையில் மகள் வீட்டுச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. பேத்தி அங்கேதான் தவழ்கிறாள்.

ஆக்னஸைப் பார்த்தார்.

'கடக்' என்று மிட்டாய் உடையும் சத்தம்தான் வந்தது.

வெளியே லாரி அலறியது. பாம்... பாஆஆம்! பழைய கூட்டாளி டிரைவர் தலையை நீட்டினான். "யோவ் மாதப்பா! முத்திரையில மை இல்லையா, கையில வலு இல்லையா?"

மேனேஜர் கோதண்டம் வந்தார். "என்னய்யா லேட்டு? ஒண்ணாவது லீக் ஆச்சா?"

"ஒண்ணுகூட ஆகல சார். அதான் பயமா இருக்கு."

"லீக் ஆனா பயப்படு, நியாயம். ஆகாததுக்கு எவனாவது பயப்படுவானா?"

"இன்னொரு தடவ பாத்துடறேன் சார்."

"லாரி என்ன மாமியார் வீட்டு விருந்துக்கா வந்து நிக்குது? குத்துறியா, இல்ல பழையபடி மூட்டை தூக்கப் போறியா?"

முதுகு அந்தக் கேள்வியைக் கேட்டதும் சுள்ளென்றது. மாதப்பன் முத்திரையை எடுத்தார். பெட்டிக்கு மேலே கொண்டுபோனார். கை அந்தரத்தில் நின்றது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தார்.

ஆணியில் வில்லன் தொங்கிக்கொண்டிருந்தது. பொட்டு ஈரமில்லை.

முத்திரையைக் கீழே வைத்தார்.

"இப்ப என்னய்யா?" என்றார் மேனேஜர்.

மாதப்பன் ஆணிப் பக்கம் கையை நீட்டினார். வில்லனைக் கழற்றிக் குழாயில் மாட்டித் தொட்டிக்குள் அமுக்கினார்.

குமிழி இல்லை.

ஓட்டையென்று ஊருக்கே தெரிந்த ஓட்டை. அதுவும் சாதுவாகக் கிடந்தது. மேனேஜரும் குனிந்து பார்த்தார்.

மாதப்பன் குழாயைத் தடவிக்கொண்டே போனார். மீட்டரைத் தாண்டி, தொட்டியின் பின்புறம் கை போனது. அங்கே ஒரு கைப்பிடி. குழாயோடு நேராக இருக்க வேண்டியது குறுக்கே திரும்பிக் கிடந்தது. மீட்டர் வரைக்கும் காற்று வந்திருக்கிறது. தொட்டிக்குள் ஒரு மூச்சுகூட வரவில்லை.

கைப்பிடியைத் திருப்பினார்.

குபுகுபுகுபுகுபு!

தொட்டியே கொதித்தது. மாதப்பன் குழாயைப் பார்த்தார். குழாய்மேல் கிடந்த துடைக்கிற துணியைப் பார்த்தார். தன்னுடைய டீ டம்ளரைப் பார்த்தார். கடைசியாக வாசலில் ஸ்டூலைப் பார்த்தார். ஆக்னஸ் கன்னம் உப்ப மிட்டாயை அடக்கிக்கொண்டு, தரையை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் மூக்கில் ஒரு சத்தம் வந்தது. பிறகு முதுகு குலுங்கியது. பிறகு மாதப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

"அடப்பாவி டீச்சரம்மா! பயம் எப்பப் போகும்னு கேட்டதுக்கா இந்தப் பாடு?"

ஆக்னஸ் எழுந்து வந்தார். முதல் ட்ரேயை மறுபடி தொட்டிப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"காலையிலேயே உங்க பயம் போயிருந்தா, லாரியும் போயிருக்கும்ணே."