பரிவட்டத்தோடு நெல் அளந்த ராயர்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் எங்கள் அம்மன் கோயில் வாசலில் பூ விற்ற செங்கமலம். என் மூத்தவனுக்கு முதல் ஓட்டு வந்த வருஷம், பூத் தொடுத்துக்கொண்டே சொன்னாள்.

முன்னொரு காலத்தில் மருதநாட்டைக் கோதண்டவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நேரத்துக்கு ஒரு புத்தி. பாயசம் ருசித்தால் சமையல்காரனுக்கு யானையைக் கொடுப்பான். மறுநாள் தோசை கருகினால் யானையைத் திரும்ப ஓட்டி வரச் சொல்வான்.

அந்த நாட்டில் ஏரித் தண்ணீரைப் பங்கிடும் தலைவரை, ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு ஜனங்களே தேர்ந்தெடுப்பார்கள். அந்த வருஷம் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் சோலையப்பன் என்கிற சின்ன விவசாயி. "எனக்கு விளைந்தது பதினெட்டுக் கலம். ராஜாவுக்கு அளந்தது மூன்று கலம்" என்று தெருத்தெருவாகத் தானே சொல்லிவிட்டான். இன்னொருவர் அரசவைப் பிரபு கஜேந்திரராயர். பார்க்கும் இடமெல்லாம் அவர் வயல்தான். வரியைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

மந்திரி சிற்றம்பலம் சபையில் எழுந்தார். "மகாராஜா, ஊர்த் தண்ணீரைக் கேட்டு வருகிறவர்கள், ஊருக்கு என்ன கொடுத்தோம் என்று சொல்லட்டுமே. நானும் சொல்கிறேன்."

மந்திரியைக் கண்டாலே ராயருக்கு வயிறு எரியும். "நாளைக்கு என் சமையலறைப் பானையையும் திறந்து பார்ப்பீரோ? என் வரி, என் வீட்டு விஷயம்!" என்று சீறினார்.

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "சபாஷ், ராயரே! மந்திரி, நீர் இவரைக் கேட்கக் கூடாது, மிரட்டக் கூடாது, களஞ்சியக் கணக்கையும் பிரிக்கக் கூடாது. ஆனால் ஓலை போடும் நாளுக்குள் இவரே ஜனங்கள் முன்னால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மந்திரி மோதிரத்தைக் கழற்றி இவர் விரலில் போட்டுவிட்டுப் போம்!"

அன்று சாயங்காலம் மந்திரி அம்மன் சந்நிதியில் வெகுநேரம் நின்றார். "தாயே, இந்த மோதிரம் போனால் போகட்டும். தண்ணீர் அந்த மனுஷன் கைக்குப் போனால் ஏழைப் பயிர் கருகிவிடுமே" என்று கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

மறுநாள் மந்திரி ராஜாவிடம் உத்தரவு வாங்கித் தண்டோரா போடச் சொன்னார். அம்மன் திருவிழாவில், வரி அதிகம் அளந்தவருக்கு ராஜா கையாலேயே பரிவட்டம் கட்டி முதல் மரியாதை. அதே நாளில், விளைச்சல் பொய்த்தவர்கள் வடக்குக் கொட்டகைக்கு வந்து சொன்னால் வரி வஜா, ஒரு மணிகூட அளக்க வேண்டாம்.

திருவிழா அன்று ராயர் பட்டு உடுத்தி வந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே நெஞ்சை நிமிர்த்தினார். "ஆயிரம் கலம் வரி அளந்தவன் நான்! எனக்கு மேல் யார் இருக்கிறார்கள்?"

ஒருவரும் இல்லை. ராஜா பரிவட்டம் கட்டினான், மாலை போட்டான், மேளம் முழங்கியது. தன் வாயாலேயே வரியைச் சொல்லிவிட்டது உறைக்காமல், ராயர் மந்திரியின் மோதிரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மந்திரி மெதுவாகச் சொன்னார்: "மகாராஜா, வெயில் கொளுத்துகிறது. கொட்டகையில் நிற்கிற பாவப்பட்டவர்களை இந்த நிழலுக்கு அழைக்கலாமா?"

"வரச் சொல்லும்!"

முதல் ஆளாகக் கிழிந்த வேட்டியோடு ஒருவன் ஓடி வந்து ராஜா காலில் விழுந்தான். ராயர் வீட்டுக் காரியஸ்தன் அப்பாவு. "மகாராஜா, என் எசமான் வயலில் ஒரு மணிகூட விளையவில்லை! வரி வஜா செய்யுங்கள்!"

"யாரப்பா உன் எசமான்?"

அப்பாவு நிமிர்ந்தான். எதிரே பரிவட்டத்தோடு நின்றவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "எசமான்! நீங்களே வந்துவிட்டீர்களா! நீங்களும் கொஞ்சம் அழுங்கள், சாமி!"

"இவன் பைத்தியம்! இவனை எனக்குத் தெரியாது!" என்று ராயர் கத்தினார்.

காரியஸ்தனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பைத்தியமா? காலையில் இந்த வேட்டியைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னது யார்? போன வருஷம் வஜா வாங்கியதும் இதே வேட்டியில்தானே!"

கோயிலே குலுங்கச் சிரித்தது. ராஜா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு குரல் மாறியது.

"ராயரே, அம்மன் எதிரில் ஆயிரம் கலம் என்று உம் வாயால் சொன்னீர். உம்மைப் பொய்யராக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போதே கொண்டுவந்து அளந்துவிடும்."

ராயர் பரிவட்டத்தை அவிழ்க்கப் போனார்.

"அதில் கை வைக்காதீர்! கடைசி மரக்கால் விழும்வரை அது தலையிலேயே இருக்கட்டும்!"

ராயர் அளந்தார். ஊர் முழுக்க நின்று பார்த்தது. ஓலை போடும் நாளில் குடத்தைக் கவிழ்த்தபோது அத்தனை ஓலையிலும் சோலையப்பன் பேர்தான். ராஜா தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டான். "இனிமேல் பதவி கேட்கிற எவனும், என்ன விளைந்தது, என்ன அளந்தேன் என்று அம்மன் எதிரில் நின்று சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்!" அந்தப் புத்தியை மட்டும் ராஜா கடைசிவரை மாற்றிக்கொள்ளவே இல்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஓட்டுக் கேட்டு யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால், முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். அப்புறம், "ஐயா, நீங்கள் வரி எவ்வளவு கட்டினீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.