ரோட்டைப் பார்த்த சுவர்

மடத்துக்கு நேர் எதிரே ஒரு வீடு. வீடு என்று கூப்பிட்டால் அதற்கே கூச்சமாக இருக்கும்.

பக்கச் சுவர்களும் பின்சுவரும் கரைந்து இடுப்பளவுக்கு இறங்கிவிட்டன. ரோட்டைப் பார்த்த சுவர் மட்டும், என்ன வைராக்கியமோ, முழுசாக நின்றது. கூரை போன ஐப்பசி மழையில் உட்கார்ந்தது, பிறகு எழுந்திருக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நீலத் தார்ப்பாய். தார்ப்பாய் பறக்காமலிருக்க ஒரு லாரி டயர். டயரின் மேல் எப்போதும் ஒரு காக்கை. வாசலில் கருவேல விறகு, நெளிந்த தகரம், கால் போன கட்டில், கட்டிலில் கட்டிய ஆடு.

அந்த வீட்டில் மாடத்தி தனியாக இருந்தாள்.

மடத்தில் குருவும் பூவலிங்கம் என்ற சீடரும் இருந்தார்கள். சீடர் குருவைவிட வயதில் மூத்தவர். முன்பு மைக் செட் வைத்திருந்தார். கொடை விழாவில் பூசாரி வரத் தாமதமானால் பூசாரி குரலில் பேசி ஜனங்களை உட்கார வைப்பார். தேர்தல் நேரத்தில் இரண்டு வேட்பாளர்களுக்கும் அவரே தொண்டை. வீட்டை விட்டார், மைக்கை விட்டார், பொடி போடுவதையும் விட்டார். குரல்களை மட்டும் விட முடியவில்லை. தியானத்தில் கண்ணை மூடினாலும் யாராவது ஒருவர் உள்ளே பேசிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அவர் குருவிடம் வந்தார்.

"சாமி, மனசு நிக்க மாட்டேங்கு."

"எங்க போகுது?"

"எதிர்த்த வீட்டுக்கு."

"போகட்டும். போகும்போது ஒரு குடம் தண்ணி கொண்டு போகச் சொல்லும்."

"வெளையாடாதீங்க சாமி. குருபூசைக்கு மில்லுக்கார அம்மா வாராங்க. தியான மண்டபம் கட்டித் தாரேன்னு சொன்னவங்க. போன வருசம் கார்ல இருந்து இறங்கும்போதே என்ன சொன்னாங்க தெரியுமா?"

பூவலிங்கம் மூக்கைச் சுருக்கி, கழுத்தைச் சற்று உயர்த்தி, அந்த அம்மாவாகவே ஆனார்.

"'ஐயே, இதென்ன சாமி எதிர்த்தாப்புல? மனசு அமைதிக்கு வர்ற இடத்துல இப்பிடியா?' கண்ணாடிய ஏத்திட்டாங்க சாமி."

குரு சிரித்துவிட்டார். அச்சாக அந்த அம்மாதான்.

"அந்த வீட்டை என்ன செய்யலாம் சாமி?"

குரு எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த பலகையைத் தூக்கி, வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். எதிர்வீட்டைப் பார்க்க உட்கார்ந்தார்.

"இத்தனை நாளும் முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்கேன் பாரும்" என்றார்.

மறுநாள் பக்கத்து ஊரில் ஒரு சாவு. குரு அங்கே போனார். காரியம் முடித்துத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூவலிங்கம் ரோட்டைக் கடந்தார்.

"மாடத்தி, இந்தச் சுவருக்கு வெள்ளை அடிச்சிரலாமா? சுண்ணாம்பு மடத்துது. அடிக்கிறதும் நாந்தான்."

மாடத்தி ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேண்டாஞ் சாமி."

"ஏன்?"

"கவர்மெண்டுல வீடு குடுக்காகல்லா. யூனியன் ஆபீசுல இருந்து ஆளு வந்து போட்டோ பிடிப்பாக. இடிஞ்சு கெடந்தாத்தான் வீடு. நல்லாருந்தா பேர அடிச்சிருவாக."

"போன வருசமும் இதத்தான் சொன்ன."

"இந்த வருசம் கட்டாயம் வாராக சாமி. வீடு வந்தாத்தான் எம் மக வருவா. பேத்தி பொறந்து நடக்க ஆரம்பிச்சிருச்சு, நான் இன்னும் கையில வாங்கல. சம்பந்தியம்மா அனுப்ப மாட்டேங்கா." மாடத்தி இடுப்பில் கைவைத்துக் குரலைக் கூர்மையாக்கினாள். "'கூரை இல்லாத வீட்டுக்குப் பிள்ளையத் தூக்கிட்டுப் போயி, வானத்தையா காட்டப் போற?'ங்கா."

பூவலிங்கம் கைதட்டினார்.

"அடேயப்பா! சம்பந்தியம்மா குரலு உனக்கு எம்புட்டு நல்லா வருது! அந்தக் கடைசி இழுப்பு இருக்கே, அது எனக்கே வராது."

மாடத்திக்குக் கண் கலங்கியிருந்ததை அவர் பார்க்கவில்லை. அந்த இழுப்பை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சுவருதான் மாடத்தி. மத்ததெல்லாம் இடிஞ்சுதான கெடக்கு? ஆபீசருக்குக் கண்ணு இல்லையா?"

"ஆபீசரு ரோட்டுலதான சாமி வருவாக."

"யோசிச்சுச் சொல்லு" என்று பூவலிங்கம் திரும்பிவிட்டார்.

பொழுது சாய்ந்தது. மாடத்தி குடத்தோடு மடத்துக்கு வந்தாள். மடத்துக் குழாயில்தான் அவள் தண்ணீர் பிடிப்பாள். குழாய்க்கு மேலே குருவின் அறை ஜன்னல். ஜன்னல் சாத்தியிருந்தது.

உள்ளே குரு இருமினார்.

மாடத்தி நிமிர்ந்தாள்.

"மாடத்தி... வந்திட்டியா தாயி."

"சாமி! ஊர்ல இருந்து வந்துட்டீகளா?"

"ம்... அந்தச் சுவர அடிக்க விடும்மா. நல்லதே நடக்கும்."

குடம் நிரம்பி வழிந்தது. மாடத்தி அதைக் கவனிக்காமல் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"சாமி சொன்னாச் சரி."

ஜன்னலுக்குப் பின்னால் பூவலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பேச்சைவிட அந்த இருமல்தான் பிரமாதமாக அமைந்தது. நெஞ்சிலிருந்து புறப்பட்டுத் தொண்டையில் ஒரு தட்டுத் தட்டி நிற்கிற இருமல். வேறு யாருக்கும் வராது.

மறுநாள் சுவர் வெள்ளையானது. ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. விறகும் தகரமும் கட்டிலும் வீட்டுக்குப் பின்னால் போயின. ஆடும் போனது. கடைசியாகத் தார்ப்பாய். வெள்ளைச் சுவருக்கு மேலே நீலமாய், டயரோடு, அது துருத்திக்கொண்டு தெரிந்தது.

"இத எடுத்துக்கிடுதேன் மாடத்தி. மடத்துல சமையல் விறகு மூடணும். பூசை முடிஞ்ச கையோட புதுசே வாங்கித் தாரேன்."

"மழை வந்துட்டா சாமி?"

பூவலிங்கம் மேலே கையைக் காட்டி ரேடியோக்காரர் குரலில் சொன்னார்: "வானம் தெளிவாகக் காணப்படும்."

மாடத்தி சிரித்தாள். சாமி சொன்ன காரியம் ஆயிற்றே.

அதற்கு அடுத்த நாள். விடிந்தால் குருபூசை. முந்தின நாளே வந்து தங்குவதாகச் சொல்லியிருந்த மில்லுக்கார அம்மாவின் கார் மதியம் வந்தது. பூவலிங்கம் மடத்து வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா இறங்கி, திரும்பிப் பார்த்து, அப்படியே நின்றார்.

"அடடே! எவ்வளவு லட்சணமா ஆயிடுச்சு! நீங்கதான் சொல்லிச் செய்ய வச்சீங்களா?"

"எல்லாம் சாமியோட அருள்மா."

அவர் அந்தச் சொல்லைச் சொல்லி வாயை மூடவில்லை. ஒரு பைக் வந்து நின்றது. வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, பைக்கிலிருந்து இறங்கவுமில்லை. ஒரு காலை ரோட்டில் ஊன்றிக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்து போனைத் தூக்கினார். படம் பிடித்தார்.

மாடத்தி பின்பக்கமிருந்து ஓடி வந்தாள்.

"ஐயா, ஐயா! இறங்கி உள்ள வந்து பாருங்கய்யா. பின்னால ஒண்ணுமே இல்ல."

"ஏம்மா, வெள்ளையெல்லாம் அடிச்சுப் பளிச்சுன்னு வச்சிருக்க. உனக்கு என்னத்துக்கு வீடு? உன் வீட்டப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கு."

"முன்சுவருதான்யா. சத்தியமா. ரெண்டு எட்டு வந்து பாருங்க."

"முள்ளாக் கெடக்கு. இன்னும் எத்தன ஊரு போகணும் தெரியுமா?" அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மடத்து வாசலில் காவி வேட்டி தெரிந்தது. "அந்தா சாமி நிக்காரு. எதிர்த்தாப்புல இருக்கவரு, பொய் சொல்ல மாட்டாரு. சாமி! இந்த வீடு எப்பிடி, நல்லாத்தான இருக்கு?"

மாடத்தி பூவலிங்கத்தைப் பார்த்தாள். மில்லுக்கார அம்மாவும் பூவலிங்கத்தைப் பார்த்தார். அந்த அம்மா முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது.

பூவலிங்கத்துக்கு எத்தனையோ குரல்கள் வரும். அப்போது அவருடைய சொந்தக் குரல்தான் வந்தது.

"நல்லா இருக்கு" என்றார்.

"முடிஞ்சுது" என்றார் பைக்கில் வந்தவர். போனில் எதையோ தட்டினார். "ஏத்தியாச்சும்மா. இனிமே அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"அடுத்த தடவன்னா எப்பம்யா?"

பைக் போய்விட்டது.

மாடத்தி கொஞ்ச நேரம் ரோட்டில் நின்றாள். வீட்டுக்குப் பின்னால் போனாள்.

"யாரு அது? என்னமோ கத்திட்டு இருந்தாங்களே?" என்றார் மில்லுக்கார அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. பக்கத்து வீடு."

சாயங்காலம் குரு வந்தார். மடத்து வாசலில் மாடத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலிக் குடம். பூவலிங்கம் கதவோரம் நின்றார்.

"சாமி, வீடு போச்சு" என்றாள் மாடத்தி.

குரு எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தார்.

"எப்பிடிப் போச்சு தாயி?"

"வெள்ளையடிச்ச வீடுன்னு பேர அடிச்சிட்டாக. நான் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னேன். நீங்க சொன்னதுனாலதான் விட்டேன்."

"நானா சொன்னேன்?"

"அந்த ஜன்னல்ல இருந்து. ஊர்ல இருந்து வந்த கையோட. 'அடிக்க விடும்மா, நல்லதே நடக்கும்'னு."

"நாந்தான்னு தெரியுமா?"

"உங்க குரலு எனக்குத் தெரியாதா சாமி? இருமுனது கூட நீங்கதான்."

குரு மெதுவாகத் திரும்பிப் பூவலிங்கத்தைப் பார்த்தார். பூவலிங்கம் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அதற்கு முன் பார்த்ததே இல்லை போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குரு மாடத்தியிடம் சொன்னார்.

"ஆமா தாயி. என் குரல்னா நான் சொன்னதுதான்."

உள்ளே போனார். திருப்பிப் போட்டிருந்த அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாடத்தியின் குடத்தை நிரப்பித் தானே இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"எங்க சாமி போறீங்க?" என்றார் பூவலிங்கம்.

"நான் சொன்ன வீட்டுக்கு."

ரோட்டைக் கடந்து வெள்ளைச் சுவருக்குப் பின்னால் போனார். மாடத்தி குழம்பிப்போய் அவர் பின்னாலேயே போனாள்.

விடிந்தது. வானம் தெளிவாகக் காணப்படவில்லை.

மேளம் வந்தது, ஜனங்கள் வந்தார்கள், வடைக்கு மாவு அரைந்தது. பூசைக்கு எல்லாம் தயாரான நேரத்தில் மழை கொட்டியது. ஐப்பசி மழை, சும்மா இல்லை. ஜனங்கள் மடத்துக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே சமையல் விறகு காய்ந்த முகத்தோடு பத்திரமாக இருந்தது.

"சாமி எங்க? பூசைக்கு நேரமாச்சே" என்றார் மில்லுக்கார அம்மா.

பூவலிங்கம் ஒரு குடையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். அதற்கு மேல் கால் போகவில்லை. எதிரே சுவர் மழையில் கழுவப்பட்டு இன்னும் வெளுப்பாக நின்றது. அதற்குப் பின்னால் ஆடு கத்தியது.

"சாமி!" என்று கூப்பிட்டார்.

"யாரு?" சுவருக்குப் பின்னாலிருந்து குருவின் குரல்.

"நாந்தான், பூவலிங்கம்."

"உம்ம குரலா? சரிதான்."

"ஜனங்க காத்திருக்காங்க சாமி. ரெண்டு வார்த்தை சொல்லி ஆசீர்வாதம் பண்ணணும்."

"என் குரல்ல நீரே சொல்லிரும். உமக்குத்தான் வருமே."

பூவலிங்கம் வாயைத் திறந்தார். ஒரு குரலும் வரவில்லை. குடை கையில் மடித்தபடியே இருந்தது.

கொஞ்சம் கழித்து அந்தப் பக்கம் குரு இருமினார். நெஞ்சிலிருந்து புறப்பட்டுத் தொண்டையில் ஒரு தட்டுத் தட்டி நிற்கிற அந்த இருமல். கூடவே இன்னொரு இருமலும் கேட்டது. அது மாடத்தி.

"வாங்க சாமி. ரெண்டு பேரும் வந்துருங்க. நனையுறீங்க."

"நீரு எங்க நிக்கீரு?"

"ரோட்டுல."

"அங்க இருந்து பாத்தா என்ன தெரியுது?"

"சுவரு."

"எப்பிடி இருக்கு?"

மழை பெய்துகொண்டிருந்தது. பின்னால் மடத்து வாசலில் மில்லுக்கார அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா... இருக்கு சாமி."

"பிறகு யாரு நனையுறா?" என்றார் குரு.