மேக்ரோ வைத்த பெயர்கள்

"எனக்குத் தீட்சை எப்பம்மா?" என்று அறவாழி கேட்டே விட்டார்.

கம்பெனியில் கணக்கதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். இந்த மலையடிவார ஆசிரமத்துக்கு வந்து வருஷம் ஒன்றாகிறது. குரு நிறைமதிக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். இருந்தாலும் அவருக்கு அம்மாதான்.

நிறைமதி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"போட்டோ வேலை முடிஞ்சுதா ஐயா?"

அந்த வேலையைச் சொன்னாலே அறவாழிக்குப் பற்றிக்கொண்டு வரும். தெருவில் கிடந்தவர்கள், புத்தி பேதலித்து ஊர் ஊராகத் திரிந்தவர்கள் என்று நூறு பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள். தேடி வருகிற சொந்தக்காரர்களுக்குக் காட்ட ஆளுக்கொரு போட்டோ எடுத்து வைத்திருந்தது. கம்ப்யூட்டரில் அதெல்லாம் வெறும் நம்பர்கள். எந்த நம்பர் யார் என்பது எக்செல் பட்டியலில் இருந்தது. ஒவ்வொரு படத்தையும் திறந்து, முகத்தைப் பார்த்து, பேர் வைக்கச் சொல்லியிருந்தார் அம்மா.

"முகத்தைப் பார்த்து என்னம்மா ஆகப்போகுது? மேக்ரோன்னு ஒரு குட்டிப் புரோகிராம் எழுதினா, பட்டியலைப் பார்த்துக் கம்ப்யூட்டரே பேர் வச்சுட்டுப் போகுது!"

"அப்படியா! எழுதுங்களேன்."

எழுதினார். மனுஷன் அதில் புலி.

ஓட விடுமுன் ஒரு ஆசை வந்தது. பேர்கள் தாறுமாறாகக் கிடக்கின்றனவே, அகர வரிசையில் அடுக்கினால் அழகாக இருக்குமே! பேர் இருந்த பத்தியை மட்டும் பிடித்து வரிசைப்படுத்தினார். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று எக்செல் கேட்டது. எதையோ கேட்கிறது என்று ‘வேண்டாம்’ தட்டிவிட்டார்.

மேக்ரோ ஓடியது. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாப் படங்களுக்கும் பேர் வந்துவிட்டது. சேமித்து மூடி, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"செங்கமலத்தைக் காட்டுங்க, பார்ப்போம்" என்றார் அம்மா.

திறந்தார். நெஞ்சு வரை தாடி வைத்த ஒருவர் முறைத்தார்.

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "செங்கமலத்துக்கு எப்ப ஐயா தாடி முளைச்சுது?"

அடுத்ததைத் திறந்தார். அதுவும் தப்பு என்றார் அம்மா. அறவாழி எக்செல்லைத் திறந்து பார்த்தார். பேர்கள் இடம் மாறிவிட்டன, நம்பர்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. மேக்ரோ செய்ததைத் திரும்ப வாங்கவும் வழியில்லை.

"நாளைக்கே செங்கமலத்தோட அண்ணன் தம்பி யாராவது தேடி வந்திருந்தா, இந்தத் தாடிக்காரரைக் காட்டி அனுப்பியிருப்பேனேம்மா! பாவி நான்."

"போட்டோவை விடுங்க. செங்கமலம் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா ஐயா?"

தெரியாதுதான். அவருக்கு ஆபீஸ் ரூமுக்கே தட்டு வந்துவிடும். வெளியே யார் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று அவர் எட்டிப் பார்த்ததில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. சாம்பார் வாளியை அவர் கையில் கொடுத்தார் அம்மா.

"இங்க பேர் சொல்லிக் கூப்பிடாம யாருக்கும் எதுவும் ஊத்தறதில்ல. அது மட்டும் மறந்துடாதீங்க."

சொல்லிவிட்டு மறுபடி கீரையில் குனிந்துகொண்டார்.

பந்தியில் முதல் ஆள் ஒரு கிழவி. சோற்றைக் குழி பண்ணி வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். அறவாழி வாளியோடு நின்றார்.

பின்னால் இருந்தவர்கள் தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு, முழங்கால் வலியோடு கிழவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"தாயி, உங்க பேர் எனக்குத் தெரியாது. வெக்கமாத்தான் இருக்கு. சொல்லுங்களேன்."

கிழவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"போறதும் வாரதுமா இருக்கியே, நீ யாரு? மொதல்ல உன் பேரச் சொல்லு."

"அறவாழி."

கிழவி தன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அறவாழி, நீ சாப்ட்டியா?"